அரைப் பேர்

"பேர் எப்படிம்மா பாதியாகும்?"

இத கஜேந்திரன் என்கிட்ட மெதுவா கேட்டிருந்தா நானும் மெதுவா பதில் சொல்லிருப்பேன். கம்பியூட்டர் லெப்புல ஒக்காந்திருந்த நாப்பது பேருக்கும் கேக்கிற மாதிரி கேட்டான். கடைசி வருசம் படிக்கிறவன், கொழும்புக்காரன், முதல் வருசத்துப் புள்ளைங்களுக்குப் புரோகிராமிங் சொல்லிக் குடுக்க மிஸ் வச்சிருந்த ஆளு. நேருக்கு நேரா அண்ணான்னுதான் கூப்பிடுவேன். மனசுக்குள்ள என்னன்னு கூப்பிட்டேங்கிறத இங்க சொன்னா நல்லா இருக்காது.

அன்னைக்குக் குடுத்த பயிற்சி லேசானதுதான். ஏதாச்சும் ஒரு வேலைத்தலத்த எடுத்துக்கிட்டு, இப்படின்னா இது, இல்லாட்டி அதுன்னு கம்பியூட்டர முடிவெடுக்க வைக்கணும். மத்ததுங்க எல்லாம் பேங்க், சுப்பர்மார்க்கெட், தியேட்டர்னு எழுதுச்சுங்க. எனக்குத் தெரிஞ்ச வேலைத்தலம் ஒண்ணே ஒண்ணு. நான் எழுதினது இவ்வளவுதான்:

if kilo < 18:
    name = 0.5
else:
    name = 1

"நேம்னு வச்சா அதுக்குள்ள எழுத்துதான் போகணும், நம்பர் போகக்கூடாது. போன வருசமும் இந்தப் பாடத்துல ஃபெயில்தானே நீங்க? இப்ப ஏன்னு புரியுது"ன்னான். தமிழ்ப் புள்ளைங்க சிரிச்சுதுங்க. பக்கத்துல இருந்த சிங்களப் புள்ளைங்க என்னன்னு கேட்டதும் அவன் அத சிங்களத்துலயும் சொன்னான். அதுங்களும் சிரிச்சுதுங்க. ஒரே அடிய ரெண்டு பாஷையில வாங்கினவ அந்த கெம்பஸ்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

எனக்குக் கோவம் வந்தா கால் நிக்காது. எந்திரிச்சுட்டேன்.

"எங்க தோட்டத்துல ஆகும் அண்ணா. பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்தா ஒரு பேரு. கொறஞ்சா அரைப் பேரு. ஒரு நாள் வேலையத்தான் நாங்க பேருன்னு சொல்றது. எங்கம்மா காலையில ஏழு மணிக்கு மலை ஏறி அந்திக்கு எறங்கி வருவாங்க. போன மாசம் மட்டும் ஒம்பது நாளு அரைப் பேரு. முழு ஆளு போய் முழு நாளும் நின்னும் அரைப் பேரு. பேர் எப்படிப் பாதியாகும்னு நீங்க எங்க தொரைகிட்ட வந்து கேளுங்க."

கதவுகிட்ட எங்க லெக்சரர் மிஸ் நின்னுக்கிட்டிருந்தாங்க, அவங்க பாதியிலயே வந்துட்டாங்க போல. நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நெனச்சேன். அவங்க என் திரையக் குனிஞ்சு பாத்துட்டு, "சுதர்ஷினி, இதையே புரொஜெக்டா செய்ங்க"ன்னாங்க.

அந்தப் பாடத்துக்குப் புரொஜெக்டுக்குத்தான் அறுபது மார்க்ஸ். கண்டிசன் ஒண்ணு உண்டு. செஞ்ச புரோகிராம நெசமான ஒரு எடத்துல, நெசமான ஆளுங்க பத்து நாளாச்சும் பாவிச்சுப் பாக்கணும். அந்த எடத்துப் பெரியவரு, 'நாங்க கேட்டபடியே வேலை செய்யுது'ன்னு கையெழுத்துப் போட்டுக் கடிதம் தரணும். கடிதம் இல்லன்னா மார்க்ஸ் இல்ல. நானோ பரீட்சையில நாப்பதுக்குப் பதினொண்ணு. இந்தப் பாடத்துல இன்னொருக்கா விழுந்தா கெம்பஸ விட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எங்க தோட்டத்து டிவிசன்ல இருந்து கெம்பஸ் வந்த மொத ஆளு நான். திரும்பிப் போனா மொதலும் கடைசியும் நானாத்தான் இருக்கும்.

ஆனா மார்க்ஸ் மட்டும் இல்லங்க எனக்கு. செல்லசாமி கணக்கப்பிள்ளை மேல இருந்த கடுப்பும் காச்சலும் சேந்ததுதான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தராசுக்குப் பக்கத்துல பென்சிலோட நிக்கிற ஆளு அவரு. ஒரு நாளைக்கு மூணு தரம் நிறுப்பாங்க. ஒவ்வொரு தரமும் ஈரம், சாக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாரு. சில நாளைக்கு மூணு. ஏன்யா மூணுன்னு அம்மா கேப்பாங்க. கேட்டா அன்னைக்கு அரைப் பேருதான். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது, எனக்கு இருக்கிறது அவங்க வாய்தான். பென்சிலத் தூக்கிட்டு அந்த எடத்துல ஒரு மெசின வச்சா இந்த ஆளு ஆட்டம் முடிஞ்சிரும்னு நெனச்சேன். மெசினுக்கு யார் மேலயும் காச்சல் கெடையாதே.

ஜூன் மாச லீவுக்கு நோட்டன் பிரிட்ஜ்ல எறங்கி, மேட்டுப் பாதையில தோட்டத்துக்கு ஏறினேன். மறுநா அம்மா காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போற நேரத்துக்கே நானும் ஆபீசுக்குப் போனேன். எங்காளுங்க அங்க யன்னலுக்கு வெளிய நின்னு பேசித்தான் பழக்கம். தொரை, அதான் தோட்டத்து மேனேஜர், என்னைய உள்ள கூப்பிட்டு நாற்காலியக் காட்டினாரு. வயசு முப்பத்தஞ்சு இருக்கும், கொஞ்சம் தோட்டத் தமிழ், மத்ததெல்லாம் இங்கிலீஸ். நான் சொன்னத முழுசா கேட்டாரு. டீயும் வரவழைச்சாரு. எங்க தோட்டத்துத் தேயிலைய நல்ல பாலூத்தி நான் மொதல்ல குடிச்சது அந்த ஆபீசுலதான். வெக்கத்த விட்டுச் சொல்றேன், அந்த நாற்காலியும் டீயும் என் தலைக்கு ஏறிருச்சு.

அவரு கேட்டது ரெண்டே ரெண்டுதான். நிறுவைக்கு ரெண்டு கிலோ தானாவே கழியணும். பதினெட்டுக்குக் கொறஞ்சா தானாவே அரைப் பேரு விழணும். யாரும் கையால மாத்த முடியாதபடி பூட்டிரணும்னாரு. நான்தான் துள்ளிக்கிட்டு, "ஆபீசுல இருந்தே பாக்கிற மாதிரியும் செய்யலாம் சேர்"னு சொன்னேன். கேக்காததையும் குடுத்தவ நான்.

நாலு நாள்ல எழுதி முடிச்சேன். லயத்துல எங்க ஒத்தறை வீடு, அந்தக் காம்பராவுல அம்மா ரொட்டி தட்டிக்கிட்டே லெப்டொப்ப எட்டிப் பாத்தாங்க. இங்கிலீஸ் தெரியாது, ஆனா பதினெட்டு தெரியும். அந்த நம்பர வெரலால தொட்டுட்டு, "மழைக்கு எங்கடி எழுதிருக்க?"ன்னு கேட்டாங்க.

"மழைக்கெல்லாம் ஒண்ணும் எழுதத் தேவையில்லம்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம். அதான் நியாயம்."

"அப்படியா"ன்னுட்டு ரொட்டியத் திருப்பிப் போட்டாங்க. படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க. அம்மா ஒருத்திதான் அந்தப் புரோகிராம ஒழுங்காப் பரிசோதிச்ச ஆளுன்னு எனக்கு அப்ப வெளங்கல.

மொத வாரம் திருவிழாதான் போங்க. தராசுக்குப் பக்கத்துல டெப்லெட்டு, அதான் டெப், ஒண்ண நிக்க வச்சிருந்தோம். நம்பர அடிச்சதும் ஆளோட பேரு, கிலோ, அன்னைக்கு எத்தன பேருங்கிறது பெருசா தமிழ்ல வரும். பொம்பளைங்க தன் பேரப் பாக்கவே வரிசையில முண்டியடிச்சாங்க. மூணு கிலோ கழிக்கிற வேலை நின்னுச்சு. செல்லசாமி பென்சிலக் காதுல சொருகிக்கிட்டு, பொண்ணு வீட்டுல கை நனைக்காத சம்பந்தி மாதிரி ஓரமா நின்னாரு. பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி அக்கா என் கன்னத்தக் கிள்ளி, "பேச்சி மக நம்ம கண்ணத் தொறந்துட்டாடி"ன்னாங்க. நான் கெம்பஸுக்குப் போன அன்னைக்கு தன் நல்ல கம்பளிச் சட்டைய எனக்குப் போட்டுவிட்டு, தான் மெல்லிசு சேலையோட பஸ் வரைக்கும் வந்தவங்க அவங்க.

ரெண்டாவது வாரம் மழை புடிச்சுது. எங்க பக்கத்து ஆனி மழைய அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். குளிருக்குக் கொழுந்து கெளம்பாது, கை வெறைச்சு வெரல் மடங்காது, காலெல்லாம் அட்டை. அந்த மலையில பதினெட்டு எடுக்கிறது குதிரக் கொம்பு கதைதான். மொத மழை நாளு இருபத்தாறு பேருக்கு அரைப் பேரு விழுந்துச்சு. டெப்புல ஒவ்வொண்ணா வந்துச்சு, அரை, அரை, அரைன்னு.

அப்பதான் எனக்கு ஒரு விசயம் தெரிய வந்துச்சு. இருபத்தொரு வருசம் அந்த லயத்துல வளந்தும் எனக்குத் தெரியாத விசயம். இப்படியான நாள்ல செல்லசாமி தராசப் பாக்க மாட்டாராம். மலையப் பாப்பாரு, ஆளப் பாப்பாரு, பதினஞ்சோ பதினாறோ இருந்தாலும் பதினெட்டுன்னு எழுதிட்டுப் போங்கன்னு அனுப்பிருவாராம். வெயில் நாள்ல கழிச்ச மூணாவது கிலோவெல்லாம் அதுக்குத்தான் வச்சிருந்தேன்னு அவரு சொன்னாரு. பாதி பொய்யா இருக்கும். ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு அள்ளி விட்ட ஆளுதான் அவரு. ஆனா மீதிப் பாதி நெசம். அந்தாளு ஒரு கையால திருடி மறு கையால குடுத்திருக்காரு. நான் குடுக்கிற கைய மட்டும் வெட்டிட்டு, கழிக்கிற கைய மெசினுக்குள்ள பூட்டி வச்சிருந்தேன்.

"நான் என்னா புள்ள செய்யட்டும்? பொட்டி சொல்லுது"ன்னாரு செல்லசாமி. அவரு மூஞ்சியில இருந்த சிரிப்பு இருக்கே, அறையணும் போல இருந்துச்சு. யார அறையுறதுன்னுதான் தெரியல.

மூணு நாளு அப்படியே போச்சு. நாகலெட்சுமி அக்கா என்னைய ஏசல. ஏசிருந்தா நல்லா இருந்திருக்கும். பீலிக்கரையில நான் தண்ணி புடிக்கப் போனா, அவங்க குடம் நெறையாமலே எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. மத்தவங்க அந்தளவுக்கு நல்லவங்க இல்ல. "படிக்க அனுப்பினோம், பாடை கட்ட வந்திருக்கா"ன்னு ஒருத்தி என் காதுபடவே சொன்னா. அம்மா அவகிட்ட சண்டைக்குப் போனாங்க. போயிட்டு வந்து என் தட்ட மட்டும் எடுத்து வச்சுட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

புரோகிராமுல மாத்த வேண்டியது ஒரே ஒரு வரி. மழை நாள்னா பதினெட்டுக்குப் பதிலா பதினஞ்சு. கஜேந்திரனே சிரிக்காம செஞ்சு குடுப்பான், அவ்வளவு லேசு. நாலாம் நாளு காலையில அத எழுதி வச்சுக்கிட்டு ஆபீசுக்குப் போனேன்.

தொரை இந்த முறையும் நாற்காலி குடுத்தாரு. டீ வரல.

"இல்ல சுதர்ஷினி. இப்பதான் இந்த டிவிசன்ல ஒழுங்குன்னு ஒண்ணு வந்திருக்கு. உங்க புரோகிராம் ரொம்ப நல்லா வேலை செய்யுது. தொட வேண்டாம்."

"சேர், மழைக்குக் கொழுந்து வராது. அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அது சட்டத்துல இல்லயே." மேசை மேல இருந்த ஒரு தாள என் பக்கம் தள்ளினாரு. எனக்கான கடிதம்தான். தோட்டத்து முத்திரை குத்தி, டைப் அடிச்சு ரெடியா இருந்துச்சு. கையெழுத்து மட்டும் இல்ல. "நாங்க கேட்டபடியே வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கு. நீங்க மாத்தினா, நான் கேட்டபடி இல்லன்னு ஆயிருமே. பொய் எழுத முடியாது பாருங்க. அந்திக்கு நானே மடுவத்துக்கு வாறேன். எப்படி வேலை செய்யுதுன்னு கண்ணால பாத்துட்டு அங்கயே சைன் பண்ணித் தாறேன்."

திங்கக்கெழமை கடிதத்த ஒப்படைக்கணும். அன்னைக்கு வெள்ளி. நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சு, "சரி சேர்"னு சொன்னேன். லெப்புல நாப்பது பேருக்கு முன்னால நின்னு கத்தினவளுக்கு அந்த ஒரு ஆளுக்கு முன்னால வந்தது அவ்வளவுதான்.

அந்தி நிறுவைக்கு மழை விடல. மடுவத்துத் தகரத்துல கொட்டுற சத்தத்துல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்கல. தொரை குடையும் அந்தக் கடிதமுமா வந்து தராசுக்கு அந்தப் பக்கம் நின்னாரு. "இன்னைக்கு நீயே அடி புள்ள, தொரைக்குக் காட்டு"ன்னு செல்லசாமி டெப்ப என் கையில திணிச்சுட்டாரு. வஞ்சம் தீத்துக்கிட்டாரு மனுசன்.

வரிசையா அடிச்சேன். அரை. அரை. நாகலெட்சுமி அக்காவுக்குப் பதினாறே கால், அரை. அவங்க திரையப் பாக்கல, என்னையவும் பாக்கல. அடுத்தது அம்மா. தலையில சாக்கு, இடுப்புல சுத்தின படங்குத் துணி, படங்கெல்லாம் சேறு. கூடைய எறக்கி வச்சாங்க. கழிச்சது போக காலையில ஆறரை, பகல்ல ஆறு. இப்ப தராசுல ஏழு. ஏழுல ரெண்டு போனா அஞ்சு. மொத்தம் பதினேழரை.

அரைக் கிலோ. ரெண்டு கை கொழுந்து. ஏழுன்னு அடிக்காம ஏழரைன்னு அடிச்சா போதும். பூட்டு இருந்தது அடிச்சத மாத்துறதுக்குத்தான், பொய்யா அடிக்கிறதுக்கு இல்ல. தொரை கண்ணு தராசு முள்ளு மேல இருந்துச்சு. அம்மாவுக்கு அடிச்சா எனக்குப் பின்னால அரைப் பேரோட நிக்கிற அத்தன பேருக்கும் நான் என்னா பதில் சொல்றது? அப்படியெல்லாம் நான் நியாயம் பாத்தேன்னு சொன்னா அது பச்சைப் பொய். எனக்கு அந்த நேரத்துல அந்தக் கடிதம் மட்டும்தான் தெரிஞ்சுது. ஏழுன்னு அடிச்சேன்.

'பேச்சியம்மா. 17.5. அரைப் பேர்.' பெருசா, தமிழ்ல, நான் தேடிப் புடிச்சுப் போட்ட அழகான எழுத்துல வந்துச்சு.

தொரை அம்மாவப் பாத்து, "என்ன பேச்சி, மகளோட மெசின் சரியா?"ன்னு கேட்டாரு. வெளையாட்டாத்தான் கேட்டாரு. மூணு கிலோவுக்கு முப்பது வருசம் சண்டை போட்ட பொம்பள அவங்க. வாயத் தொறந்தா தொரையும் தாங்க மாட்டாரு, செல்லசாமியும் தாங்க மாட்டாரு. இன்னைக்கு வச்சுக் கிழிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். கிழிக்கட்டும்னுதான் நெனச்சேன்.

அம்மா அந்தத் தாளப் பாத்தாங்க. எதுக்காக அது அங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.

"சரியாத்தான் இருக்குங்க தொரை"ன்னாங்க.

அவரு அங்கயே, தராசுப் பலகை மேல தாள வச்சு கையெழுத்துப் போட்டாரு. மழைத்தண்ணி ஒரு சொட்டு முத்திரை மேல விழுந்து மை கொஞ்சம் பரவிருச்சு. அம்மா வெறுங்கூடையத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னாலயே லயத்துக்கு நடந்துட்டாங்க.

எனக்கு அந்தப் பாடத்துல ஏ வந்துச்சு. மிஸ் என் புரோகிராம முதல் வருசத்துப் புள்ளைங்களுக்கு உதாரணமாப் போட்டுக் காட்டினாங்க. கஜேந்திரன் வந்து கை குடுத்து, "ஒரு ஓட்டை இல்ல, என்னமா எழுதியிருக்கீங்க"ன்னான். அவன் நெசமாத்தான் பாராட்டினான். அவன் சிரிச்சப்ப வந்த கோவத்தவிட இப்ப வந்தது பத்து மடங்கு. வேலியில போன ஓணானப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டவளுக்குப் பாராட்டு ஒரு கேடா? தாங்ஸ் அண்ணான்னு சொன்னேன். கம்பெனிக்காரங்க இப்ப மத்த டிவிசன்களுக்கும் அதையே குடுத்துட்டாங்கன்னு கேள்வி. என்கிட்ட யாரும் கேக்கல. நானும் போய் ஏன்னு கேக்கல. கேக்கிற வாய் என்கிட்ட இப்ப இல்ல.

ஒண்ணு மட்டும் அவங்க மறந்துட்டாங்க. ஆபீசுல இருந்து பாக்கிறதுக்கு நான் செஞ்ச வழியோட பாஸ்வேர்ட இன்னும் மாத்தல. அந்தி அஞ்சரைக்கு நிறுவை முடிஞ்சதும் எல்லாப் பேரும் என் போன்லயும் வந்துரும். அம்மாவும் அந்த நேரத்துக்குத்தான் காம்பராவுக்கு வந்து போன் எடுப்பாங்க.

போன வியாழக்கெழமையும் எடுத்தாங்க. ரெண்டு தரம் இருமிட்டு, சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அங்க மழையான்னு கேட்டேன். லேசாத் தூறுதுன்னாங்க. தகரத்துல கொட்டுற சத்தம் எனக்கு நல்லாவே கேட்டுச்சு.

"இன்னைக்கு என்னா பேரும்மா?"

"முழுப் பேருதான் கண்ணு. நீ படி."

போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு திரையத் தொறந்து பாத்தேன். பேச்சியம்மா. 15.5. அரைப் பேர்.

"சந்தோசம்மா"ன்னு சொன்னேன்.